மருந்து எனக்குத்தான் என்றேன்

போன செவ்வாய்க்கிழமை தையல் கடையைப் பூட்டிவிட்டு, வீட்டில் ஒரு வார்த்தை சொல்லாமல் பாபநாசத்துக்கு பஸ் ஏறினேன். சாமி கும்பிடவா? இல்லை. அருவியில் குளிக்கவா? பாறையைப் பார்த்தாலே எனக்கு வழுக்கி விழுந்த மாதிரி இருக்கும். நான் போனது ஒரு வேருக்காக.

இந்தப் பக்கத்தை வழக்கமாகப் படிப்பவர்களுக்கு என்னைத் தெரியும். கேஸை அணைத்தோமா என்று பாதி வழியில் இறங்கித் திரும்பி வருகிற ரகம். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டாயிற்று. அதனால் தெரியாத விஷயம் நிறைய. ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகக் கவலைப்பட வேண்டியிருக்கிறது…

இந்தத் தடவை கவலை என் மகள் சுபா. டவுணில் எங்களுக்குப் பக்கத்துத் தெருவில்தான் புருஷனோடு இருக்கிறாள். ஸ்கூல் டீச்சர். சினைப்பையில் நீர்க்கட்டி என்று டாக்டர் சொல்லி மாத்திரை கொடுத்திருக்கிறார். மாதாமாதம் வரவேண்டியது அவளுக்கு ஒழுங்காக வராது. இரண்டு தடவை, தள்ளிப் போனதும் ‘இது அதுதான்’ என்று நாங்கள் துள்ளிக் குதித்தோம். ஒரு தடவை நான் கேசரிகூடக் கிண்டிவிட்டேன். இரண்டு தடவையும் இல்லை என்றாயிற்று. கடைசித் தடவை நான் அழுத அழுகையில், சுபாதான் என்னைத் தேற்ற வேண்டி வந்தது. அதற்குப் பிறகு அந்தப் பேச்சையே எங்கள் வீட்டில் யாரும் எடுப்பதில்லை.

இப்போது மறுபடி தள்ளிப் போயிருந்தது. கேட்டதற்கு, “வழக்கம் போலத்தாம்மா” என்றாள். முகம் வாடிக் கிடந்தது. காலையில் குமட்டல், ஓங்கரிப்பு வேறு. நான் என்ன நினைத்தேன்? மஞ்சள் காமாலை! கண்ணிமையை இழுத்துப் பார்த்தேன். அது இல்லை என்றதும் அல்சர். அல்சரும் இல்லை என்றதும்… பெயர் சொல்லக்கூடப் பயப்படுகிற வியாதிகள்.

இந்த நேரத்தில்தான் பிளவுஸ் தைக்க வந்த ஒரு அக்கா சொன்னாள். “பாபநாசத்துல ஒரு காணிக்காரி வருதா, காரையாருக்கு மேல இருந்து. தேன் விக்கா, வேரு குடுக்கா. எங்க கொழுந்தியாளுக்கு நின்னு போனது, அவ வேரக் குடிச்சதும் வந்துட்டு.”

காணிக்காரர்கள் பாபநாசத்துக்கு மேலே காட்டுக்குள் குடியிருக்கிற மலை மக்கள். பெண்கள் சமாச்சாரத்துக்கு அவர்களிடம் தனி வைத்தியமே உண்டு. தீட்டு அதிகமாகப் போனால் ஒரு பட்டை, வராவிட்டால் ஒரு வேர், பிள்ளை பெற்றால் பால் ஊற ஒரு கிழங்கு. டவுண் நாட்டு மருந்துக் கடையிலும் கழற்சிக்காய், அசோகப்பட்டை, மலைவேம்பு எல்லாம் கிடைக்கும்தான். முன்பு கழற்சிக்காய் வாங்கி இடித்துக் கொடுத்தேன். சுபா ஒரு வாய் வைத்துவிட்டு நேராக வாஷ்பேசினுக்குப் போனாள். “இனிமே இந்த மாதிரி எதையாவது கொண்டாந்த… அவ்வளவுதான்.”

அதனால் ஒரு திட்டம் போட்டேன். வேரை அரைத்து உளுந்தங்களியில் கலந்துவிடுவது! நல்லெண்ணெயும் கருப்பட்டியும் சேர்த்துக் கிண்டினால் எந்தக் கசப்பும் அமுங்கிவிடும். என் களியை சுபா வேண்டாம் என்று சொன்னதே இல்லை. நல்ல திட்டம்தானே? நானும் அப்படித்தான் நினைத்தேன்.

பாபநாசத்தில் படித்துறைக்குப் போகிற வழியில் ஒரு மரத்தடி. தேன் பாட்டில்கள், சாக்கில் கிழங்கு, பவர் பேங்க்கில் செருகிய செல்போன். அந்த அக்கா சொன்ன காணிக்காரி இவள்தான், பெயர் பகவதி. தலை நரைத்த ஒருத்தியை எதிர்பார்த்துப் போனால், என் மகள் வயசுதான் இருக்கும். பேச்சில் லேசாக மலையாள இழுப்பு.

எனக்கு முன்னால் பச்சைச் சேலை கட்டிய ஒரு அம்மாள் நின்றாள்.

“வேரு யாருக்கு?” என்றாள் பகவதி.

“என் மருமகளுக்கும்மா.”

“அப்ப மருமகள வரச் சொல்லுங்க.”

“அவ வேலைக்குப் போறவ. லீவு கெடைக்காது.”

“கெடைக்கும்போது வரட்டும். எங்க ஆட்கள்ல, குடிக்கப்போறவ நேர்ல வந்தாத்தான் வேரு எடுத்துக் குடுப்போம். அம்மை வந்தாலும் மாமியா வந்தாலும் தேன்தான்.”

பச்சைச் சேலைக்காரி முறைத்துக்கொண்டே ஒரு தேன் பாட்டிலை எடுத்து முகர ஆரம்பித்தாள். பகவதி என் பக்கம் திரும்பினாள்.

“உங்களுக்கு என்னக்கா? வேரா? யாருக்கு?”

இவ்வளவு தூரம் வந்துவிட்டுத் தேனோடு திரும்புவதா?

“எனக்குத்தான்,” என்றேன்.

பகவதி என்னை மேலும் கீழும் பார்த்தாள். பார்வை என் நரைமுடியில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு இறங்கியது.

“என்ன செய்யுது?”

“தள்ளிப் போயிட்டு.”

“உங்களுக்கு இன்னும் வருதா?”

“ஏன், வரக் கூடாதா?” கொஞ்சம் கோபப்பட்டே கேட்டேன். ஐம்பதைத் தாண்டியவள்தான், அதை அவளிடம் ஏன் சொல்ல வேண்டும்?

ஆனால் ஒன்று. மருந்து தப்பாகிவிடக் கூடாதே! அதனால் சுபாவுக்கு என்னென்ன செய்கிறதோ அதை மாற்றாமல் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தேன். பொய்யிலும் ஒரு நேர்மை வேண்டாமா?

“வயிறு வலிக்கா?”

“இல்ல.”

“காலையில எந்திரிச்சா?”

“ஓங்கரிக்கு. காப்பி வாசமே ஆக மாட்டேங்கு.”

“மாரு கனமா இருக்கா?”

“பிளவுஸ் பிடிக்கி. போன வாரந்தான் பிரிச்சு, விட்டுத் தச்சேன்.”

“அசதி?”

“ஸ்கூல் விட்டு வந்ததும் கண்ணு சொக்கிருது.”

“நீங்க ஸ்கூலுக்குப் போறியளா?”

“…டீச்சர்,” என்றேன். எட்டாம் வகுப்பில் நின்றவளுக்கு மரத்தடியில் வேலை கிடைத்துவிட்டது.

“புளிப்பு எதும் தேடுதா?”

“மாங்கா ஊறுகா பாட்டிலே காலி.”

பகவதி கேட்டுக்கொண்டே எடுத்து வைத்திருந்த வேரை மெதுவாகச் சாக்குக்குள் திருப்பிப் போட்டாள். பிறகு நாலு பேருக்குக் கேட்கிற மாதிரி சொன்னாள்: “யக்கா, உங்களுக்கு வேரு கெடையாது. நீங்க மாசமா இருக்கிய!”

பக்கத்து டீக்கடையிலிருந்து தலைகள் திரும்பின. பச்சைச் சேலைக்காரி பாட்டிலை முகர்வதை நிறுத்திவிட்டு என் வயிற்றைப் பார்த்தாள்.

எனக்கு வெட்கம் வரவில்லை. சிரிப்பும் வரவில்லை. காப்பி வாசம்… பிளவுஸ்… ஊறுகாய்… எல்லாம் என் கண்ணெதிரே நடந்தவை. பிளவுஸைப் பிரித்ததே நான்தான்! காமாலையைத் தேடினேன், அல்சரைத் தேடினேன். கேசரி கிண்டி ஏமாந்ததில் இதை மட்டும் நினைக்கப் பயந்துவிட்டேன். சாக்குக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்தேன்.

பகவதி குனிந்து, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி கேட்டாள். “மகளா, மருமகளா?”

“மக.” அப்புறம், “எப்பத் தெரிஞ்சுது?”

“டீச்சர்னு சொன்னதுமே தெரியும்,” என்று சிரித்தாள். உடனே சிரிப்பை நிறுத்திக்கொண்டாள். “இந்த வேரு நின்னதை வரவைக்கும்க்கா. தங்குனதையும் எறக்கிப்போடும். ரெண்டுக்கும் ஒரே வேருதான். அதுக்குத்தான் குடிக்கப்போறவ வரணும்ங்கோம்.”

எனக்கு உளுந்தங்களி ஞாபகம் வந்தது. என் கையால் கிண்டி, என் கையால் உருட்டி, நடுவில் எண்ணெய் ஊற்றிக் கொடுத்திருப்பேன். சுபா ஒரு கேள்வியும் கேட்காமல் சாப்பிட்டிருப்பாள்… அதற்கு மேல் நினைக்க முடியவில்லை. போனை எடுத்தேன்.

“ஏட்டி சுபா, நீ மாசமா இருக்கியா?”

அந்தப் பக்கம் பிள்ளைகள் கத்துகிற சத்தத்துக்கு நடுவே சுபா கேட்டாள்.

“யாரும்மா சொன்னா?”

“பாபநாசத்துல சொன்னாவ.”

“பாபநாசத்துல ஒனக்கு என்ன சோலி?”

“கேட்டதுக்குப் பதில் சொல்லுட்டி!”

“ஆமா. டாக்டர்ட்ட போயி உறுதி பண்ணியாச்சு. ஸ்கேன்ல துடிப்பு பாத்துட்டுச் சொல்லலாம்னு இருந்தேன்.” வராந்தாவுக்கு வந்தாள் போல, சத்தம் குறைந்தது. “இந்தத் தடவையும் இல்லைன்னு ஆயிட்டா… ஒன்னத் தேத்த எனக்குத் தெம்பு இல்லம்மா.”

மாசமாக இருப்பது அவள். தேறுதல் எனக்கா? எனக்கேதான்!

எங்களை மாதிரி ஆட்களின் பாடு இதுதான். கவலைப்படுவாளே என்று எங்களிடம் மறைக்கிறார்கள். மறைப்பதால் நாங்கள் கூடுதலாகக் கவலைப்படுகிறோம். அந்தக் கவலையில் எதையாவது அரைத்துக் கலக்கக் கிளம்பிவிடுகிறோம்… பிள்ளைகளே, சொல்லிவிடுங்கள். அழுதால் அழுதுவிட்டுப் போகிறோம். களி வெறும் களியாகவாவது இருக்கும்.

‘நீ வாய்விட்டுக் கேட்டிருக்கலாமே’ என்கிறீர்களா? வாஸ்தவம். இமையை இழுத்துப் பார்த்தேனே ஒழிய, பகவதி கேட்டதில் ஒன்றைக்கூட நான் என் மகளிடம் கேட்கவில்லை. மருந்துக்காக இல்லாவிட்டாலும், மருந்து தருவதற்கு முன்னால் அவள் கேட்ட கேள்விகளுக்காகவே பஸ் ஏறிப் போகலாம்.

கிளம்பும்போது பகவதி சொன்னாள். “பிள்ள பொறந்த பெறகு வாங்க. பால் ஊற தண்ணீர்விட்டான் கெழங்கு தாரேன். டாக்டர்ட்டயும் ஒரு வார்த்தை கேட்டுக்கிடுங்க.”

“அப்பவும் அவளைக் கூட்டிட்டு வரணுமா?”

“பச்ச ஒடம்புக்காரி இவ்வளவு தூரம் வருவாளா? அதுக்கு மட்டும் அம்மை வரலாம்.”

ஒரு பாட்டில் தேன் வாங்கிக்கொண்டேன். அம்மை வந்தால் தேன்தானே?

திரும்பும் பஸ்ஸில் நிற்கத்தான் இடம் இருந்தது. நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு, ஸ்கேன் எப்போது, துடிப்பு நன்றாக இருக்குமா, சுபா மாடிப்படியைப் பார்த்து ஏறுவாளா என்று புதுக் கவலைகளைத் தொடங்கியிருந்தேன். யாரோ முந்தானையை இழுத்தார்கள். பார்த்தால்… பச்சைச் சேலை!

“யம்மா, இங்கன வந்து உக்காருங்க. இந்த நெலைமையில நிக்கக் கூடாது,” என்று எழுந்தே விட்டாள். கண்டக்டர் என்னைப் பார்த்தார், என் நரையைப் பார்த்தார், டிக்கெட்டைக் கிழிக்க மறந்து நின்றார். மொத்த பஸ்ஸும் பார்த்தது.

மகள், வேர், களி, பொய்… எங்கிருந்து ஆரம்பித்து விளக்குவது? காலும் வலித்தது. உட்கார்ந்தேன்.

பச்சைச் சேலைக்காரி குனிந்து ரகசியமாகக் கேட்டாள். “இது எத்தனாவது?”

“தலைச்சன்,” என்றேன்.