மானேஜரின் வெள்ளைக் காய்கள்

வெற்றிலைச் சாறு பட்ட விரல்களால், ராஜாவுக்கு முன்னால் நிற்கும் வெள்ளைச் சிப்பாயைத் தூக்கி இரண்டு கட்டம் தள்ளி வைப்பார் மானேஜர். காயின் தலையில் சிவப்பாக ஈரம் ஒட்டியிருக்கும். அதை வெட்டும்போது நான் தொட்டாக வேண்டும். தோல் பதனிடும் ஷாப்பில் வேலை செய்தவனுக்கு நாற்றம் புதிதல்ல. ஊறும் தோலும் சுண்ணாம்பும் ஆவாரம்பட்டையும் கலந்த வாடை சோறுவரை கூடவே வரும். அது சீக்கிரம் பழகிவிட்டது. அந்த விரல்கள் கடைசிவரை பழகவில்லை.

மேல்விஷாரத்தில் அந்த ஷாப்பில் நான் குமாஸ்தா. அவர் பட்டணத்திலிருந்து வந்தவர். வெள்ளைக்காரர் முறைப்படி சதுரங்கம் ஆடத் தெரியும் என்பதில் அவருக்கு ஏகப் பெருமை. மதியச் சாப்பாடு முடிந்ததும் என்னைக் கூப்பிடுவார். வெள்ளை எப்போதும் அவருக்கு, கறுப்பு எனக்கு. என் சிப்பாயும் அவர் சிப்பாய்க்கு நேர் எதிரே வந்து நிற்க வேண்டும் என்று அவரே விதித்திருந்தார். நின்றால், பக்கத்துச் சிப்பாயை இரையாக வீசுவார். நான் அதைத் தின்றதும் அவருடைய குதிரையும் ராணியும் பாய்ந்து வரும். அவர் படித்து வைத்திருந்தது அது ஒன்றுதான்.

நான் நம் ஊர் ஆட்டம் கற்றவன். உருது பேசும் தோஸ்துகளோடு தெருவில் ஆடியபோது சிப்பாய்க்கு ஒரே கட்டம்தான். அந்தப் பழக்கத்தில் ஒருநாள் ராஜாவின் சிப்பாயை ஒரு கட்டம் மட்டும் நகர்த்தினேன். அவருடைய பாய்ச்சல் எதுவும் பலிக்கவில்லை. ஆட்டம் சாயங்காலம் வரை இழுத்து, அவர் தோற்றார்.

"இன்னாய்யா, வூட்டுக்குள்ள பூந்து கதவ சாத்திக்கிறே?" என்றார். மறுநாள் அந்தக் கோபத்தில், அரைநாள் லீவு கேட்ட ஒருவனை வேலையை விட்டே அனுப்பினார். அதன்பின் கறுப்புக்கு எந்தத் தொடக்கம் என்பதை அவர் முகத்தைப் பார்த்துத்தான் முடிவு செய்தேன். இன்று வாசகசாலையில் சதுரங்கம் ஆடும் பிள்ளைகள் கறுப்புக்கு எந்தத் தொடக்கம் நல்லது என்று உற்சாகமாக வாதாடும்போது நான் எழுந்து வெளியே போய்விடுகிறேன்.

ஒரு மதியம், அவர் சிப்பாயை நகர்த்திய நேரத்தில், சுண்ணாம்புத் தொட்டியில் வேலை செய்பவனின் மனைவி வாசலில் வந்து நின்றாள். கத்தி கிழித்த கையோடு அவன் தொட்டியில் இறங்கியிருக்கிறான். கை முழங்கைவரை வீங்கி, சீழ் வைத்து, ஜுரத்தில் கிடந்தான். வாடகை வண்டிகள் எல்லாம் ஆற்காட்டுச் சந்தைக்குப் போயிருந்தன. மானேஜரின் ஜட்கா மட்டும் மரத்தடியில் சும்மா நின்றது.

"வேலூர் ஆஸ்பத்திரிக்கு வண்டி மட்டும் குடுங்க சாமி," என்றாள்.

"ஆட்டம் முடியட்டும்," என்றார் அவர், தலை நிமிராமல்.

தோற்று ஆட்டத்தை முடித்துவிடலாம் என்று நான் எதிர்ச் சிப்பாயை நிறுத்தினேன். போட்ட இரையைத் தின்றேன். ராணி வரும் வழியை நானே திறந்துவிட்டேன். சீக்கிரமே என் ராஜா வீழ்ந்தது. அவர் தொடையில் தட்டிச் சிரித்தார். இப்போது வண்டிக்காரனைக் கூப்பிடுவார் என்று காத்திருந்தேன். அவர் எச்சிலைத் துப்பிவிட்டு, காய்களை மறுபடி அடுக்கத் தொடங்கினார்.

"இன்னொண்ணு போடலாம்," என்று சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளினார். அந்தப் பெண் இன்னும் அங்கேயே நின்றுகொண்டிருந்தாள்.

உடம்பெல்லாம் அருவருப்பில் கூசியது. எழுந்து போய், மானேஜர் சொன்னார் என்று வண்டிக்காரனிடம் பொய் சொல்லி ஜட்காவைப் பூட்டச் செய்தேன். பாலாற்றுக் காற்றில், ஜுரத்தில் கிடந்தவனின் தலையை மடியில் தாங்கிக்கொண்டு வேலூர் போய்ச் சேர்ந்தேன். இரண்டு விரல்களை எடுத்தார்கள். கை பிழைத்தது, அவனும் பிழைத்தான்.

மறுநாள் காலையில் மானேஜர் கூப்பிட்டனுப்பினார். வண்டியைப் பற்றிக் கத்துவார் என்று நினைத்தேன். ஒருவேளை கையைப் பற்றிக் கேட்பாரோ என்றும் ஓர் அசட்டு ஆசை இருந்தது.

"நேத்து பாதியில எழுந்து போய்ட்டே," என்றார். "அது என் கெலிப்புதான். ஒத்துக்கிறியா?"

மேஜைமேல் பலகை அப்படியே இருந்தது.

"ஒத்துக்கிறேன் சார்," என்றேன். "இனிமே ரெண்டு பக்கமும் நீங்களே ஆடிக்குங்க."

வேலையை விட்டு வெளியே வந்தேன். தொட்டிகளின் வாடை மூக்கில் ஏறியது. அன்று அது எனக்கு நாற்றமாகவே தெரியவில்லை.