பி.ஏ. வீடு

எங்கள் வீட்டுக்குக் கதவு எண் இருந்தது. ஆனால் போஸ்ட்மேன் முதல் கேஸ் சிலிண்டர் போடுகிறவர் வரை யாருக்கும் அது தேவைப்பட்டதில்லை. மரக்காணத்தில் உப்பளத்தை ஒட்டிய எங்கள் தெருமுனையில் நின்று பி.ஏ. வீடு எது என்று கேட்டால் போதும், சின்னப் பிள்ளைகூடக் கையைக் காட்டும். பி.ஏ. என்பது என் அப்பா.

அப்பா இரும்பை கிராமத்துப் பக்கத்திலிருந்து வந்தவர். மாப்பிள்ளை பி.ஏ. படித்தவர் என்று சொல்லித்தான் தரகர் அவரைப் பெண் பார்க்க அழைத்து வந்தாராம். அம்மாவின் அண்ணன், அதாவது என் மாமா, அந்த ஒரு வார்த்தைக்காகவே தங்கையைக் கொடுத்தார். அதோடு விடாமல், தான் வேலை செய்த உப்பளத்திலேயே முதலாளியிடம் பேசி அப்பாவுக்கும் ஒரு வேலை வாங்கிக் கொடுத்தார். மாமா பாத்தியில் இறங்கி, கால் வெந்து வெடிக்க உப்பு வாருவார். அப்பா கொட்டகை நிழலில் நின்றுகொண்டு லாரியில் மூட்டை ஏறுவதை மேற்பார்வை பார்ப்பார். படித்தவனை வெயிலில் நிறுத்தக் கூடாது என்பது மாமாவின் கட்சி. தன் கால் புண்ணைவிடத் தங்கை வீட்டுக்காரரின் பி.ஏ. மேல் அவருக்கு அக்கறை அதிகம்.

தெருவில் யாருக்கு இங்கிலீஷில் என்ன தாள் வந்தாலும், பேங்க்கோ ஆஸ்பத்திரியோ, அது எங்கள் வீட்டுக்கு வந்துவிடும். அப்பா கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொள்வார். மேலிருந்து கீழ்வரை பார்ப்பார். நடுவில் ஒருமுறை புருவத்தைச் சுளிப்பார். இதில் ஒரு பாயிண்ட் யோசிக்க வேண்டியிருக்கிறது, காலையில் வாருங்கள் என்று அனுப்பிவிடுவார். சாயங்காலம் என் அக்காவை உட்கார வைத்து, "உனக்கு இன்னா புரியுது, சொல்லு பாக்கலாம்" என்பார். அக்கா டிக்‌ஷனரியைப் புரட்டிப் புரட்டி வரி வரியாகத் தமிழில் சொல்வாள். அப்பா கண்ணை மூடிக்கொண்டு கேட்டு, சரியாகத்தான் சொல்கிறாய் என்று தலையாட்டுவார். மறுநாள் காலையில் தாளுக்குரியவர் விவரம் கேட்டுக்கொண்டு கும்பிட்டுவிட்டுப் போவார். அப்பா அக்காவுக்கு மட்டும் இப்படிப் பயிற்சி கொடுக்கிறாரே, எனக்குக் கொடுப்பதில்லையே என்று எனக்கு உள்ளூரப் பொறாமை. அக்கா இங்கிலீஷில் பள்ளிக்கூடத்திலேயே முதலாவதாக வந்தாள். படித்த அப்பன் வீட்டுப் பெண் வேறு எப்படி இருப்பாள் என்று டீச்சர்களே பேசிக்கொண்டார்கள்.

நான் ஐந்தாவது படித்த வருஷம் அக்காவுக்கு இன்ஜினியரிங் சீட் கிடைத்தது. குடும்பத்தில் அதுவரை யாரும் பட்டம் வாங்கவில்லை என்றால், முதலில் படிக்கப் போகிற பிள்ளைக்கு அரசாங்கம் ஃபீஸில் சலுகை தரும். அதற்கு முதல் பட்டதாரி சான்றிதழ் வேண்டும். சலுகை இல்லாமல் அக்காவைச் சேர்க்க அப்பாவால் முடியாது. இதெல்லாம் எனக்கு அப்புறம் தெரிந்தது. அப்போது எனக்குத் தெரிந்ததெல்லாம், அப்பாவும் அம்மாவும் அக்காவும் திடீரென்று தாழ்ந்த குரலில் பேசத் தொடங்கினார்கள், நான் உள்ளே வந்தால் நிறுத்திவிட்டார்கள் என்பதுதான். டிவி பக்கத்தில் எப்போதும் மடித்து வைத்திருக்கும் இங்கிலீஷ் பேப்பர் காணாமல் போனது. தேடிப் பார்த்தால் அரிசி டிரம்முக்குப் பின்னால் பழைய கோணியைப் போட்டு மூடி வைத்திருந்தார்கள். அப்பா என்ன படித்திருக்கிறார் என்று யாராவது கேட்டால் தெரியாது என்று சொல்லிவிடு என அம்மா என்னிடம் சொன்னாள். ஏன் என்று கேட்டதற்குத் தலையில் ஒரு குட்டுதான் கிடைத்தது.

ஒட்டுக்கேட்டதில் அரசாங்கச் சலுகை என்ற வார்த்தை காதில் விழுந்ததும் எனக்கு விஷயம் பிடிபட்டுவிட்டது. அப்பா பி.ஏ. படித்ததை மறைத்து அரசாங்கத்தை ஏமாற்றப் போகிறார். அன்றிலிருந்து நான் அவரைக் கண்கொட்டாமல் கவனித்தேன். சாப்பிட உட்கார்ந்தால் பாதியில் எழுந்துவிடுவார். வாசலில் வண்டிச் சத்தம் கேட்டால் திடுக்கிடுவார். குற்றம் செய்கிறவர்கள் இப்படித்தான் இருப்பார்கள் என்று எனக்குப் பட்டது. போலீஸ் வந்து அழைத்துப் போய்விடுமோ என்று பயமாகவும் இருந்தது.

எங்கள் ஊருக்கு வி.ஏ.ஓ.வாக ஒரு சின்ன வயது அம்மா புதிதாக வந்திருந்தார். சான்றிதழ் விசாரணைக்காக ஸ்கூட்டியில் வந்தவர், ஈ.சி.ஆர். ஓரத்து டீக்கடையில் அப்பாவின் பெயரைச் சொல்லி வழி கேட்டிருக்கிறார். டீக்கடைக்காரர் நல்ல மனசோடு, "நம்ம பி.ஏ. வீடுங்களா, நேரா போங்க" என்று சொல்லிவிட்டார். வி.ஏ.ஓ. நேரே வரவில்லை. வண்டியைத் திருப்பிக்கொண்டு போய், மறுநாள் எங்கள் தெருக்காரர்கள் நாலு பேரையும் மாமாவையும் கூட வைத்துக்கொண்டு வந்தார்.

வாசலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டோம். வி.ஏ.ஓ. அப்பாவை ஏற இறங்கப் பார்த்தார். ஊரே உங்களை பி.ஏ. என்கிறதே என்று கேட்டார். அப்பா தொண்டையைச் செருமிக்கொண்டு, சேர்ந்தேன், முடிக்கவில்லை என்றார். சரி, எந்தக் காலேஜ், அங்கே போய் முடிக்கவில்லை என்று எழுதி வாங்கி வாருங்கள் என்றார் அவர். அப்பா துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பெரியவர்களிடம் கேட்டுப் பிரயோஜனமில்லை என்று நினைத்தாரோ என்னவோ, வி.ஏ.ஓ. என் பக்கம் திரும்பினார். நான் அம்மாவைப் பார்த்துக்கொண்டே தெரியாது என்றேன். சொந்த அப்பாவின் படிப்பு தெரியாத பொண்ணா என்று அவர் என்னையும் சேர்த்துச் சந்தேகப்பட்டார்.

மாமாவுக்குப் பொறுக்கவில்லை. "மேடம், அவரு படிச்சவருதான். அதப் பாத்துதான் பொண்ணு குடுத்தோம். பொய் சொல்லி வாங்குற சலுகை எங்களுக்கு வேணாம்" என்றார். அக்கா கதவைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். அப்பா அவளைப் பார்த்தார். பிறகு மாமாவைப் பார்க்காமல், வி.ஏ.ஓ.விடம் சொன்னார்.

"நான் எட்டாவதோட நின்னுட்டேன் மேடம். காலேஜ் வாசல்ல கால் வெச்சதில்ல."

கொஞ்சம் முன்பு வேறு மாதிரி சொன்னவரை இப்போது எப்படி நம்புவது. வி.ஏ.ஓ. தன் பையிலிருந்து ஏதோ இங்கிலீஷ் தாளை எடுத்து நீட்டி, இதைப் படியுங்கள் என்றார். அப்பா பழக்கத்தில் சட்டைப் பையிலிருந்து கண்ணாடியை எடுத்தார். போட்டுக்கொள்ளாமல் திரும்ப உள்ளே வைத்தார். விரலை முதல் எழுத்தின் அடியில் வைத்து, ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னார். நாலு எழுத்து சேர்ந்ததும் நின்று, சேர்த்துச் சொல்லப் பார்த்து, வராமல் மறுபடி முதலிலிருந்து தொடங்கினார். நெற்றியிலிருந்து வியர்வை தாளிலேயே சொட்டியது. தெருக்காரர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் தரையைப் பார்த்தார்கள். அம்மா உள்ளே போய்விட்டாள். அக்கா அழுதாள்.

எனக்கானால் ஆனந்தம் தாங்கவில்லை. அப்பா இவ்வளவு அருமையாக நடிப்பார் என்று நான் கனவிலும் நினைத்ததில்லை. வியர்வையைக்கூட வரவழைக்கிறாரே என்று வியந்துபோனேன். சிரிப்பு வந்து காரியத்தைக் கெடுத்துவிடக் கூடாதென்று வாயைப் பொத்திக்கொண்டேன்.

அப்பா இரண்டாவது வரிக்குப் போகப் பார்த்தார். வி.ஏ.ஓ. தாளை மெதுவாக வாங்கிக்கொண்டார். "போதும்ங்க. எங்கப்பாவும் இப்படித்தான் விரல் வெச்சுப் படிப்பாரு" என்று மட்டும் சொன்னார். அதன் பிறகு அவர் எதையும் கேட்கவில்லை. அம்மா உள்ளேயிருந்து கொண்டுவந்த டீயைக் குடித்துவிட்டு, அக்காவிடம் இன்ஜினியரிங்கில் என்ன பிராஞ்ச் எடுத்திருக்கிறாய் என்று விசாரித்துவிட்டுக் கிளம்பினார். மாமா டீயைத் தொடாமல் எழுந்து நடந்தார். அப்பா அவர் பின்னாலேயே தெருமுனை வரை போனார். மாமா திரும்பிப் பார்க்காமல் போய்விட்டார்.

சாயங்காலம் அப்பா உப்பளத்து வரப்பில் தனியாக உட்கார்ந்திருந்தார். நான் ஓடிப்போய் அவரை ஒட்டி உட்கார்ந்துகொண்டு, காதில் சொன்னேன்: "சூப்பரா ஆக்ட் பண்ணப்பா. மாமாவே நம்பிட்டாரு."

அப்பா என்னைத் திரும்பிப் பார்த்தார். என் முடியை ஒதுக்கிவிட்டு, "வெளிய யார்கிட்டயும் சொல்லாத பாப்பா" என்றார்.

சத்தியமாகச் சொல்ல மாட்டேன் என்றேன். சான்றிதழ் வந்தது. அக்கா ஹாஸ்டலுக்குப் பெட்டியோடு போனாள். அடுத்த வாரமே அப்பா கொட்டகையை விட்டுப் பாத்தியில் இறங்கி உப்பு வாரத் தொடங்கினார். பக்கத்துப் பாத்தியில் மாமா அவரோடு பேசாமல் வாரிக்கொண்டிருந்தார். அரசாங்கம் நம்ப வேண்டும் என்பதற்காக அப்பா எவ்வளவு தூரம் போகிறார் பாருங்கள் என்று எனக்குப் பெருமையாக இருந்தது. நானும் என் பங்குக்குச் செய்ய வேண்டுமல்லவா. அவருக்குச் சாப்பாடு கொண்டுபோகும் வழியில் யார் என்ன கேட்டாலும் கேட்காவிட்டாலும், "எங்கப்பா படிக்கவே இல்ல, அவருக்குப் படிக்கத் தெரியாது" என்று அடித்துச் சொன்னேன். அப்பாவின் காதில் விழுகிற தூரம் வந்ததும் இன்னும் கொஞ்சம் சத்தமாகச் சொன்னேன், கேட்டால் அவருக்குச் சந்தோஷமாக இருக்குமே என்று.