மலைக்கு இப்பால் நின்ற மேகம்

செல்லூர், மதுரை
26.9.1983, திங்கட்கிழமை, காலை 6.10 மணி

1. பயணத்தின் காரணமும் நாளும்

வானிலைப் பணியிலிருந்து ஓய்வு பெற்று, அடுத்த பருவத்தில் இதே வேலைக்குச் செல்லவிருக்கும் நண்பர்களுக்கு எழுதுவது:

சென்ற 22.9.1983, வியாழக்கிழமை, மதுரை விமான நிலையத்திலிருந்து ஒரு சிறு விமானத்தில் மேற்கு மலை வரை சென்று திரும்பினேன். மலைக்கு அப்பால் கடலோரத்தில் அன்று மாலை 5.00 மணிக்கு ஓர் ஆய்வு ராக்கெட் ஏவப்படவிருந்தது. இம்மாதத்தில் உயரக் காற்று கிழக்கிலிருந்து மேற்கே வீசுவது உங்களுக்குத் தெரியும். நம் பக்கத்து இடிமேகத்தின் உச்சி விரிந்து, இரண்டு மணி நேரத்தில் மலையைத் தாண்டிவிடும். அதனூடே பாயும் ராக்கெட் மின்னலைத் தன் மேல் இழுத்துக்கொள்ளக்கூடும். கடற்கரையில் நிற்பவர்களுக்கோ மலை மறைக்கிறது. ஆகவே ஒருவர் மேலே சென்று பார்த்து, பிற்பகல் 3.00 மணிக்குள் வானொலியில் சொல்லியாக வேண்டும். முப்பத்தோர் ஆண்டுகள் தரையில் நின்று மேகம் பார்த்தவன் என்பதால் என்னை அழைத்தார்கள்.

ராக்கெட்டின் மூக்கில் இருந்த கருவி டாக்டர் சரளா என்பவருடையது, மூன்றாண்டு உழைப்பு. மதுரைப் பெண்தான். 20ஆம் தேதி நேரில் வந்து, விமானியையும் பார்த்துப் பேசிவிட்டு, வானத்தை எட்டுப் பங்காக்கி ஒவ்வொரு வகை மேகமும் எத்தனை பங்கு என்று நான் நிரப்ப வேண்டிய பாரத்தை விளக்கிச் சென்றார். ஏவுதளத்துக்கான அனுமதி வியாழன் மாலையோடு முடிவதாகவும், அடுத்தது எப்போது என்று எவருக்கும் தெரியாதென்றும் சொன்னார்.

2. நிலையம் வரை

செல்லூரிலிருந்து 11.20க்கு டாக்சி, முப்பது ரூபாய். பேருந்தில் சென்றால் இடையில் மாற வேண்டும், நேரத்துக்கு உத்தரவாதம் இல்லை. நான் போகும் வேலையைக் கேட்ட ஓட்டுநர், “மேகத்தப் பாக்க மேகத்துக்கே போறீகளாக்கும்? எறங்குனதும் சொல்லிட்டுப் போங்கய்யா, வீட்ல வடகம் காயுது” என்றார். நான் சிரிக்கவில்லை. மடியில் இருந்த பாரத்தை நாலாவது முறையாகப் படித்துக்கொண்டிருந்தேன்.

3. மேலே

1.32க்குக் கிளம்பினோம். விமானி பசுமலைக்காரர், முப்பது வயதிருக்கும். எனக்கு அவர் பக்கத்து இருக்கை. நாகமலை ஒரு நீண்ட முதுகாகக் கீழே கடந்தது. 1.55க்கு உசிலம்பட்டிக்கு மேல் பத்தாயிரம் அடி. 2.08க்கு ஆண்டிபட்டி. எதிரே வானம் துடைத்தாற்போல் இருந்தது. பாரத்தின் முதல் ஐந்து கட்டங்களிலும் சைபர் எழுதினேன்.

2.24க்கு மலையோரம் விமானம் கிழக்கே திரும்பியது. அழகர்மலைக்கு அப்பால் ஓர் இடிமேகம் கோபுரமாய் நின்றது. எங்களுக்கு வெகு உயரத்தில் மெல்லிய வெண்படலம் ஒன்று அப்போதுதான் எங்கள் தலையை எட்டி மேற்கே நீண்டுகொண்டிருந்தது. அது இடிமேகத்தோடு ஒட்டியதா, அறுந்துவிட்ட பழைய மேகமா? ஒட்டியிருந்தால் அதில் மின்னேற்றம் இருக்கும். ஆறாவது கட்டம் கேட்பதும் அதைத்தான். இரண்டும் சேருமிடத்தையோ புழுதி மூட்டம் மறைத்திருந்தது.

2.44க்கு மதுரையை நெருங்கியதும் மேலூர் வரை போகச் சொன்னேன். விமானி எரிபொருள் முள்ளைப் பார்த்துவிட்டு, பத்து நிமிடம் தருவதாகவும் அதற்கு மேல் கேட்கக் கூடாதென்றும் சொன்னார். விமானம் குலுங்கத் தொடங்கியது. பத்து நிமிடமும் தீர்ந்தது, மூட்டம் விலகவில்லை. மணி 2.54.

“ஒட்டியிருக்கிறதக் கண்ணால பாத்தீகளா அய்யா?” என்றார் விமானி.

“பார்க்கவில்லை.”

“அப்பச் சைபர் போடுங்க. அந்தப் புள்ள மூணு வருசமா இதுக்குத்தான் கெடையாக் கெடக்கு.”

சைபர் எழுதினேன். எழுதிய பிறகு அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒட்டியிருந்ததை நான் காணவில்லை, இடைவெளியையும் காணவில்லை. சைபரை அடித்துவிட்டு, ‘தெரியவில்லை’ என்று எழுதி, 2.58க்கு வானொலியில் அதையே சொன்னேன். எட்டில் எத்தனை பங்கு என்று கடற்கரையிலிருந்து வந்த குரல் இரு முறை கேட்டது. எண் தர இயலாது என்றேன். 3.06க்கு ஏவுதல் கைவிடப்பட்டதாகச் செய்தி வந்தது.

4. இறங்கிய பின்

மாலை 6.40க்கு நிலையத்துக்கு டிரங்க் கால் வந்தது. டாக்டர் சரளா. ஐந்து மணிக்கு அங்கே மெல்லிய மேகம் கடந்ததாகவும், மின்னல் ஏதும் இல்லை என்றும் சொன்னார்.

“அங்க மேகந்தான் இருந்துச்சா அய்யா, இல்ல இருக்குமோன்னு பயந்துட்டீகளா?”

“மேகம் இருந்தது, அம்மா. ஒட்டியிருந்ததா என்று தெரியவில்லை. ஏவியிருந்தால் ஒன்றும் ஆகாமலே போயிருக்கலாம்.”

“கருவியப் பிரிச்சுப் பெட்டியில போட்டாச்சு” என்று சொல்லி வைத்துவிட்டார்.

5. செல்பவர்கள் கவனத்துக்கு

பத்தாயிரம் அடியில் குளிரும், ஸ்வெட்டர் தேவை. மதிய உணவு அரை வயிறு போதும். பென்சில் இரண்டு, நூலில் கட்டியவை.

முக்கியமானது இனிமேல்தான். தரையில் இருந்தவரை, ஒரு முழுச் சுற்று சுற்றிப் பார்க்காமல் நான் ஒருநாளும் பதிவேட்டைத் தொட்டதில்லை. விமானத்தில் உட்கார்ந்ததும் அதன் மூக்கு போன திசையையே ஐம்பத்திரண்டு நிமிடம் பார்த்திருந்தேன். பின்னால் கிழக்கு இருந்தது. 1.55க்கே விமானத்தை ஒரு வட்டமடிக்கச் சொல்லியிருந்தால், மேலூர் வரை போய்ப் பார்த்துவர நேரமும் எரிபொருளும் மிஞ்சியிருக்கும். ‘தெரியவில்லை’ என்று எழுதியதற்கு நான் வருந்தவில்லை. தெரிந்துகொள்ள இருந்த நேரத்தை நான்தான் வீணாக்கினேன். தொலைபேசியில் இதை அவரிடம் சொல்லவில்லை. நீங்கள் உயரம் எட்டியவுடன் முதலில் வட்டமடிக்கச் சொல்லுங்கள்.

இணைப்புகள்:
1. பயண வழி வரைபடம், நேரங்களுடன்.
2. 22.9.1983 பாரத்தின் கார்பன் பிரதி. ஆறாவது கட்டத்தில் அடித்த சைபர் என்னுடையது, அழிக்கவில்லை.
3. டாக்டர் சரளாவுக்கு, மேற்கண்ட ஐம்பத்திரண்டு நிமிடங்களைப் பற்றி நான் எழுதிய கடிதத்தின் நகல். அசல் இன்று காலைத் தபாலில் போகிறது.