டவுன் ஹால் தூணில் ஒரு கன்று

கோலாலம்பூர் டவுன் ஹால் வராந்தாவில் மழைக்கு ஒதுங்கி நிற்கிறேன். அத்தாப்பு ஓலைக் குடிசைகளாக இருந்த ஊரில் வெள்ளைக்காரர்கள் எழுப்பிய கட்டடம் இது. ஆனால் வளைவுகளையும் கறுப்புக் கும்மட்டங்களையும் பார்த்தால் பள்ளிவாசல் மாதிரி இருக்கிறது. புதிதாக வருகிற நம் ஆட்கள் படியிலேயே செருப்பைக் கழற்றிவிடுகிறார்கள். உள்ளே இருப்பதோ சாக்கடையையும் தெருமாடுகளையும் கவனிக்கிற நகராட்சிக் கச்சேரி.

பக்கத்துத் தூணில் பிரிக்பீல்ட்ஸ் பகுதிப் பால்காரி ஒருத்தி கன்று ஒன்றைக் கட்டியிருக்கிறாள். ரோட்டில் மேய்ந்த அவள் பசுவை நேற்றுப் பிடித்துவந்து பின்கட்டில் அடைத்திருக்கிறார்கள். வேறொருவனும் அது தன் பசு என்று வந்து நிற்கிறானாம். யாருடையது என்று உள்ளே இருக்கிற குமாஸ்தா, கிராணிதான் முடிவு செய்யவேண்டும்.

“கன்னுக்குட்டிய எதுக்கு இழுத்துட்டு வந்தீங்க, அக்கா?”

“நான் சொன்னா கிராணி நம்ப மாட்டேங்கிறாரு அண்ணே. இவன் சொல்லட்டும். நேத்துலேருந்து பால் இல்ல, நல்லாக் கத்துவான்.”

கன்று கத்துகிறது. உயரமான வளைவுகள் அந்தச் சத்தத்தைப் பெருக்கி உள்ளே அனுப்புகின்றன. டைப்ரைட்டர் ஓசை நிற்கிறது. கிராணி வாசலுக்கு வருகிறார்.

“இது ஆபீசா, மாட்டுக் கொட்டாயா?”

அவர் கேட்டு முடிக்குமுன் பின்கட்டிலிருந்து பசு கத்துகிறது. கன்று மறுபடி கூப்பிட, பசுவும் விடாமல் பதில் கொடுக்கிறது.

“அந்த ஆளையும் ஒருதரம் கத்தச் சொல்லுங்க ஐயா,” என்கிறாள் அவள்.

கிராணி சிரிப்பை அடக்கிக்கொண்டு பியூனுக்குத் தலையசைக்கிறார். பியூன் சாவியோடு மழையில் இறங்குகிறான். அதற்குள் அவள் கயிற்றை அவிழ்த்துவிட, கன்று அவனை முந்திக்கொண்டு ஓடுகிறது.