மாமியின் எண்ணெயும் தைத்த கூந்தலும்

பாரிசின் லாச்சப்பலில் தலைமயிர் தைக்கிற தமிழச்சி ஒருத்திதான். இந்திராதேவி என்று பெயர். சேலைக்கடை ஒன்றின் பின்பக்கத்தில் ஒரு திரைச்சீலை, ஒரு சுழல் கதிரை, தலை கழுவ ஒரு தொட்டி, ஆளுயரக் கண்ணாடி. அவ்வளவுதான் அவளுடைய கடை. அந்தக் கதிரையில் வந்து குந்துகிற எவளையும் அவள் மதித்தது கிடையாது. மதிக்கிற மாதிரி ஒருத்தி வந்தால் மதிக்கமாட்டேன் என்றா சொல்கிறேன் என்பாள்.

வருகிறவர்களும் அப்படித்தான் வருவார்கள். கலியாணத்துக்கு மூன்று நாள் இருக்கும்போது மூச்சிரைக்க ஓடிவந்து, "அக்கா, இடுப்புக்குக் கீழை வரவேணும், ஆனா தைச்சதெண்டு ஒருத்தருக்கும் தெரியக்கூடாது" என்பாள் ஒருத்தி. முன்நெற்றி பாதி வெளிச்சுப்போய் இருக்க, "எனக்குச் சின்னனிலையிருந்தே நல்ல அடர்த்தி, இப்பதான் எப்பன் கொட்டுது" என்று பூசி மெழுகுவாள் இன்னொருத்தி. இந்திராதேவி ஊசியில் நூல் கோத்தபடி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருப்பாள். அவர்கள் படியிறங்கியதும் சேலைக்கடை நடத்துகிற புதுச்சேரிக்காரர் லூசியனிடம் கொட்டித் தீர்ப்பாள்.

"தலையைப் பேணத் தெரியாததுகள், அண்ணை. சோம்பேறியள். மயிர் வேணுமாம், அதைப் பார்க்க நேரமில்லையாம்!"

"பாவம்மா, விடுங்க" என்பார் லூசியன், சேலையை மடித்தபடி.

"என்ன பாவம்? ஒரு பாவமுமில்லை."

இந்த வேலையை அவள் ஆபிரிக்கச் சலூன்கள் நிறைந்த ஷத்தோ தோ பக்கத்தில் படித்தாள். பாரிசுக்கு வந்த புதிதில் சட்டி கழுவினாள். பிறகு லெத்திசியா என்கிற ஐவரிகோஸ்ட்காரியின் சலூனில் மயிர் கூட்டினாள். லெத்திசியா அவளைவிட ஒன்பது வயது இளையவள், வாய் மட்டும் மூன்று பேருக்குக் காணும். ஆறு வருடம் கூட்டிய பிறகுதான் இந்திராதேவியின் கையில் வளைந்த ஊசி வந்தது. சொந்த முடியை மண்டையோடு ஒட்ட மெல்லிய பின்னல்களாகப் பின்னி, வாங்கிய மயிர்ச்சரத்தை அந்தப் பின்னல்களின் மேல் வரிசை வரிசையாகத் தைக்க வேண்டும். பிரெஞ்சில் அதற்குத் திசாஜ் என்று பெயர். மேலே தொங்குகிறது காசு கொடுத்தது, கெட்டால் இன்னொன்று வாங்கலாம், கீழே கிடக்கிறதுதான் உன்னுடையது, அதைப் பார் என்று லெத்திசியா ஒவ்வொரு வாடிக்கைக்காரியிடமும் கத்துவாள். அந்தக் கறுத்தப் பெண்கள் கேட்டார்கள். சொன்ன நாள் தவறாமல் வந்து கழுவினார்கள், நாள் வந்ததும் கழற்றினார்கள். எங்கள் சனம் கேட்குமா? எங்கள் சனத்துக்குத்தான் எல்லாம் தெரியுமே.

மிருணாளினி மாசி மாதத்தில் வந்தாள். முப்பத்தெட்டு வயது. புருசன் வரதராசா புறநகர் லெ பிளாங்-மெனிலில் பலசரக்குக் கடை வைத்திருந்தான். மூத்த மகள் வயதுக்கு வந்ததற்குச் சாமத்தியச் சடங்கு வைத்திருக்கிறார்கள். மண்டபம், வீடியோ, பல்லக்கு எல்லாம் ஏற்பாடு. கொண்டையை அவிழ்த்தபோது இந்திராதேவிக்குச் சிரிப்பு வந்தது. எலிவால். இரண்டாவது பிள்ளைக்குப் பிறகு கொட்டத் தொடங்கியதாம், நிற்கவில்லையாம்.

"மாமி, இவரின்ரை அம்மா, ஊரிலை கொக்குவிலிலையிருந்து எண்ணெய் காய்ச்சி அனுப்புறவ அக்கா. செவ்வரத்தம்பூ, கறிவேப்பிலை, வெந்தயம் எல்லாம் போட்டு. மூண்டு வருசமா வைக்கிறன். ஒண்டும் வளரேல்லை. ஆனா வளரேல்லை எண்டு சொன்னா நான் ஒழுங்கா வைக்கேல்லையாம். இவரும் அதைத்தான் சொல்லுறார்."

"இப்ப என்ன செய்யச் சொல்லுறீர்?"

"வளர்ந்த மாதிரி வேணும்."

இந்திராதேவி மூன்றரை மணித்தியாலம் தைத்தாள். முடிந்ததும் கதிரையைச் சுழற்றி, முகத்துக்கு நேரே விரலை நீட்டிச் சொன்னாள்:

"வடிவாக் கேளும். பத்து நாளைக்கு ஒருக்கா இஞ்சை வாரும், கழுவிவிடுறன். வரேலாட்டி, ஷாம்புவைத் தண்ணியிலை கரைச்சு, மூக்குப் போத்தலிலை விட்டு, தையலுக்கு இடையிலை அடியும். கழுவினால் அடிப்பின்னல் காயுமட்டும் காத்து மிசின் பிடிக்கவேணும். ஈரத்தோடை கொண்டை போட்டீரோ, உள்ளுக்கை அவிஞ்சுபோம். இரவிலை பட்டுத்துணி. இறுக்கிக் கட்டப்படாது. எண்ணெய் வைக்கவே கூடாது. எட்டுக் கிழமையிலை வந்து கழட்டவேணும். விளங்குதே?"

"ஓம் அக்கா, ஓம்" என்றாள் மிருணாளினி. கண் முழுக்கக் கண்ணாடியில் இருந்தது. எவள் போகிற போக்கில் ஓம் போடுகிறாள், எவள் கேட்டு ஓம் போடுகிறாள் என்று இந்திராதேவிக்குத் தெரியும்.

அன்றிரவு வரதராசா வீட்டுக்கு வந்து மனைவியின் கூந்தலைப் பார்த்தான். இவ்வளவு நாளும் கொண்டைக்குள் கட்டிவைத்து எண்ணெய் வைத்தேன், இன்றைக்குத்தான் அவிழ்த்தேன் என்று அவள் சொல்ல, "பாத்தியே, அம்மாவின்ரை எண்ணெய்!" என்றானாம். காலையில் இருந்ததை விட ஒன்றரை முழம் கூடுதலாகத் தொங்குகிறது, மனுசன் நம்பிவிட்டான். பன்னிரண்டு வருடமாக மனைவியின் தலையை ஏறெடுத்துப் பார்க்காதவன் வேறென்ன செய்வான்? இதை மிருணாளினியே போனில் சிரித்துச் சிரித்து இந்திராதேவியிடம் சொன்னாள். இந்திராதேவி சிரிக்கவில்லை. மூளையை உரலில் போட்டு இடித்தாலும் ஒரு கரண்டி தேறாத குடும்பம் என்று நினைத்துக்கொண்டாள்.

சடங்கு முடிந்தது. வீடியோ கொக்குவிலுக்குப் போயிற்று. அங்கே மாமிக்குப் பெருமையும் புளுகமும் தாங்கவில்லை. இனி ஒவ்வொரு சனிக்கிழமையும் வட்சப்பில் வீடியோ போட்டு, என் கண் முன்னாலேயே எண்ணெய் வை, நான் பார்க்க வேண்டும் என்று கட்டளை போட்டுவிட்டாள். மிருணாளினியும் குளியலறையில் போனைச் சாய்த்து வைத்து, உள்ளங்கை நிறைய எண்ணெய் அள்ளி, தைத்த கூந்தலின் மேல் தேய்த்தாள். அதோடு விட்டாளா? சனி முழுக்கென்றால் சீயாக்காய் இல்லாமலா? சீயாக்காய்த் தூளைக் கரைத்து அப்பினாள். மிசின் காற்றுப் பிடித்தால் மயிர் செத்துப்போகும் என்று மாமி சொன்னதால் அதையும் விட்டாள். எண்ணெய், தூள், ஈரம் எல்லாவற்றையும் சேர்த்துக் கொண்டையாக முடிந்துகொண்டு தேவாரம் படிக்கப் போனாள்.

ஐந்தாவது வாரம்தான் கழுவ வந்தாள். திரைச்சீலைக்கு உள்ளே வந்த உடனேயே இந்திராதேவிக்கு மூக்கில் அடித்தது.

"என்ன நாத்தம் இது? ஆட்டுக்கொட்டிலுக்கை படுத்தெழும்பினனீரே?"

மிருணாளினி தலையைக் குனிந்துகொண்டு விசயத்தைச் சொன்னாள்.

"விசரே உமக்கு! எண்ணெய் வைக்காதையும் எண்டு சொன்னனான். நூலுக்கை, பின்னலுக்கை போய் அந்தத் தூள் களிமண் மாதிரிப் பிடிச்சுக் கிடக்கு. உம்முடைய மயிர் அதுக்கை இழுபட்டுச் சாகுது. இப்பவே கழட்டுவம்."

"இப்ப வேண்டாம் அக்கா! ஓல்னேயிலை கலியாணம் ஒண்டு இருக்கு, எல்லாரும் வருவினம். கழட்டினால் இவருக்கு என்னத்தைச் சொல்லுறது?"

"உண்மையைச் சொல்லும்."

"அது ஏலாது."

"அப்ப இருக்கிறதும் போகட்டும். வாங்கின மயிரைக் காப்பாத்தப் போய்ச் சொந்த மயிரைப் பறிகுடுக்கப் போறீர். காதுக்கு மேலை போனா, பிறகு முளைக்குமெண்டு ஒருத்தரும் எழுதித் தரமாட்டினம்."

இயன்றவரை கழுவி, ஒன்றரை மணித்தியாலம் காயவைத்து அனுப்பினாள். எட்டாவது வாரம் மிருணாளினி வரவில்லை. போன் அடித்தாலும் எடுக்கவில்லை. வைகாசியும் போயிற்று. "நாசமாய்ப் போகட்டும், எனக்கென்ன?" என்று லூசியனிடம் சொன்னாள் இந்திராதேவி. சொல்லிவிட்டு அடுத்த நாளும் போன் அடித்துப் பார்த்தாள்.

ஆனி மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை பின்னேரம், தலையில் துப்பட்டாவைச் சுற்றிக்கொண்டு மிருணாளினி வந்து நின்றாள். டொக்டரிடம் போகிறேன் என்று வீட்டில் சொல்லிவிட்டு வந்தாளாம். முகம் வீங்கியிருந்தது.

"நித்திரை கொள்ளேலாமல் கிடக்கு அக்கா. கடிக்குது. தொட்டால் நோகுது. கழட்டிவிடுங்கோ."

இந்திராதேவி கறுப்புப் போர்வையைக் கழுத்தில் கட்டி, கத்தரிக்கோலை எடுத்தாள். நூலை வெட்ட வெட்ட, தைத்த மயிர் வரிசை வரிசையாகக் கையோடு வந்தது. அதற்குக் கீழே பின்னல் என்று சொல்வதற்கு ஒன்றும் இல்லை. எண்ணெயும் சீயாக்காயும் ஊறிக் காய்ந்து, முடியெல்லாம் சிக்கிப் பிடித்த கட்டிகளாய்க் கிடந்தது. இரண்டு மணித்தியாலம் கிறீமைப் பூசிப் பூசி, சீப்புக்கூட வைக்காமல் விரலாலேயே பிரித்தாள். பிரிக்கப் பிரிக்க முடி வேரோடு வழுகி வந்து தொட்டியில் விழுந்தது. இரண்டு காதுக்கு மேலேயும் உள்ளங்கை அகலத்துக்கு வெறும் தோல். பிடரியில் தையல் போன வழியெல்லாம் வெள்ளைக் கோடுகள்.

இந்திராதேவியின் வாயில் வசவு வரிசையாக வந்து நின்றது. அவள் ஒன்றையும் விழுங்கவில்லை.

"நான் சொன்னனானோ இல்லையோ? நாயாய்க் கத்தினனானோ இல்லையோ? வீடியோவுக்காக, ஒரு கிழவியின்ரை புளுகத்துக்காக, உம்முடைய தலையை நீரே அவியவிட்டீர். தலையைப் பேணத் தெரியாததுகள் ஏன் என்னட்டை வாறியள்?"

மிருணாளினி கண்ணாடியைப் பார்த்தாள். கனநேரம் பார்த்தாள்.

"திரும்ப முளைக்குமே அக்கா?"

"பிடரியிலை வரும். காதுக்கு மேலை... தெரியேல்லை. தோல் டொக்டரிட்டைக் காட்டும், நாளைக்கே."

"இண்டைக்குத் திரும்பத் தைச்சு விடுவீங்களே? இப்பிடி எப்பிடி வீட்டை போறது?"

"எதிலை தைக்கிறது? தோலிலையே?"

அப்போதுதான் முன்கடையில் ஒரு ஆண்குரல் கேட்டது. மிருணாளினி கதிரையின் கைப்பிடியை இறுகப் பிடித்தாள். வரதராசா. இந்திராதேவி திரையை விலக்கி வெளியே வந்து, திரையைத் திரும்ப இழுத்துவிட்டாள்.

அவன் ஒரு கையில் போனும் மறுகையில் பச்சைநிற எண்ணெய்ப் போத்தலுமாக நின்றான். மனைவி இங்கே இருப்பது அவனுக்குத் தெரியாது.

"அக்கா, உங்களிட்டைத்தான் வந்தனான். இது என்ரை அம்மா காய்ச்சிறது. இனிப் போத்திலிலை அடைச்சு விக்கப்போறன். உங்களிட்டை வாற பொம்பிளையளுக்குக் குடுங்கோ. கோயிலிலை, சடங்குகளிலை என்ரை மனிசியைப் பாத்திருப்பியள்தானே? ஒரு வருசத்துக்கு முன்னாலை ஒண்டுமில்லை. இப்ப பின்னாலை நிண்டு பாத்தால் கோயில் சிலை! அவவின்ரை படத்தைத்தான் போத்திலிலை ஒட்டப்போறன்."

"தம்பி, பிறகு வாங்கோ. உள்ளை ஆள் இருக்கு."

"ஒரு நிமிசம். நான் சொல்லுறது என்னெண்டால், மயிர் கொட்டுது கொட்டுது எண்டு திரியிற பொம்பிளையள் எல்லாம் சோம்பேறியள். தலையைப் பேணத் தெரியாததுகள். எனக்கெண்டால் அப்பிடியான தலையைக் கண்டாலே அருவருப்பு. உங்களுக்குத் தெரியாததே, அக்கா?"

லூசியன் சேலை மடிப்பதை நிறுத்திவிட்டு இந்திராதேவியைப் பார்த்தார். அவள் எத்தனை தடவை அவரிடம் சொன்ன சொல், எழுத்துப் பிசகாமல். சற்று முன் கண்ணாடிக்கு முன்னால் வைத்துச் சொன்னதும் அதே சொல்தான். அவளுக்கு வெட்கமாக இருந்தது. உனக்கு என்னடா தெரியும் என்று கேட்க வாய் உன்னியது; கேட்டால் திரைக்குப் பின்னால் இருப்பவளைக் காட்டிக்கொடுத்ததாகிவிடும்.

பின்னால் திரைச்சீலையின் வளையங்கள் சரசரத்தன. மிருணாளினி வெளியே வந்தாள். கறுப்புப் போர்வை கழுத்திலேயே இருந்தது. மிச்சமிருந்த நனைந்த முடி அங்கங்கே ஒட்டிக் கிடக்க, இரண்டு பக்கமும் வெறும் தோல் வெளிச்சத்தில் பளபளத்தது.

வரதராசா ஒரு கணம் பார்த்தான். பிறகு, "பர்தோன், மதாம்" என்று சொல்லி, சேலை அடுக்கோடு ஒதுங்கி அவளுக்கு வழி விட்டான்.

"இஞ்சாருங்கோ" என்றாள் அவள்.

குரலைக் கேட்டதும் அவன் வாய் திறந்தபடி நின்றது. போத்தலைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். திரும்பி லூசியனைப் பார்த்தான், யாராவது ஏதாவது சொல்லமாட்டார்களா என்கிற மாதிரி.

"போன் கையிலைதானே இருக்கு" என்றாள் மிருணாளினி. "போத்திலுக்குப் படம் வேணுமெண்டனீங்கள். எடுங்கோ."

அவன் கை அசையவில்லை.

அவள் மெதுவாகத் திரும்பி, முதுகைக் காட்டி நின்றாள்.

"பின்பக்கம்தானே வேணும். எடுங்கோ எண்டெல்லே சொல்லுறன்."