நான் அணைத்து வைத்த சிவப்பு பட்டன்

என் மனைவியின் வலது கையில் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் பாதியோடு நின்றுவிட்டன. அவளுடைய அவசரம்தான் காரணம் என்று உறவினர்கள் நம்பினார்கள். அவளும் நம்பினாள். காரணம் நான்.

பாலிடெக்னிக்கில் இயந்திரவியல் சொல்லிக்கொடுத்தவன் நான். ஓய்வு பெற்றபின், ஒரு பட்டறைக்காரர் தள்ளிவிட்ட பழைய மில்லிங் மெஷினை வாங்கி, கைப்பிடிகளைக் கழற்றி மோட்டார்களைப் பூட்டினேன். கணினி சொன்னபடி உலோகத்தைச் செதுக்கும் சி.என்.சி. மெஷினாக அது மாறியது. திண்டுக்கல் வீட்டில் கார் நிறுத்தும் இடத்தில் அதை வைத்தேன். கார் தெருவுக்குப் போனது.

மெஷின் ஓடும்போது அவள் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்காருவாள். என் கண் திரையில் இருக்கும், அவள் கண் கத்தியில். அலுமினியத் துருவல் சேர்ந்தால் சிவப்பு பட்டனை அமுக்குவாள். மெஷின் நிற்கும். பிரஷ்ஷால் துருவலைத் தள்ளிவிட்டுப் பட்டனை விடுவிப்பாள். "பட்டன் முதல்ல, பிரஷ் அப்புறம்" என்பது நான் சொல்லிக்கொடுத்த விதி. ஒருநாளும் அவள் அதை மீறியதில்லை.

அந்தப் பட்டன் மின்சாரத்தை நேராகத் துண்டிக்காது. கணினிக்குச் செய்தி மட்டும் சொல்லும். மென்பொருள்தான் மெஷினை நிறுத்தும். இப்படி வயரிங் செய்யக் கூடாது என்று வகுப்பில் ஆண்டுதோறும் சொன்னவன் நான்தான். மின்சாரம் சட்டென்று போனால் மெஷின் தான் இருந்த இடத்தை மறந்துவிடும், வேலை கெடும் என்று வீட்டில் எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

வேடசந்தூர்ப் பக்கம் நூற்பாலையில் வேலை பார்க்கும் அவள் தம்பி புதுவீடு கட்டினான். குருவானவர் வந்து வீட்டை மந்திரித்துப் புனிதப்படுத்தும் நாளுக்குள் அலுமினியத்தில் பெயர்ப்பலகை செதுக்கித் தருகிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டேன். அப்போது பார்த்து மெஷின் தொல்லை கொடுத்தது. யாரும் பட்டனைத் தொடாமலே பாதி எழுத்தில் நின்றது.

"என்ன மாமா, வீடு மந்திரிக்கிறதுக்குள்ள பலகை கிடைக்குமா? இல்ல, என் பேரன் கல்யாணத்துக்குத்தானா?" என்றான் பார்க்க வந்த தம்பி.

"ஏலே, சும்மா கெட. அவரே வெறுத்துப்போய் இருக்காரு" என்றாள் அவள்.

வெட்டும் மோட்டாரின் மின் இரைச்சல் பட்டனின் கம்பியில் ஏறி, யாரோ அமுக்கியதாகக் கணினியை ஏமாற்றுகிறது என்று ஊகித்தேன். கம்பியை மாற்றினேன், எர்த்தைச் சரிசெய்தேன். செய்தி சற்று நேரம் நீடித்தால் மட்டும் நம்பு என்று மென்பொருளுக்குச் சொல்லிப்பார்த்தேன். தொல்லை குறைந்தது, ஒழியவில்லை. கடைசியில் ஊகத்தை உறுதிசெய்ய, மென்பொருள் அந்தப் பட்டனைக் கவனிக்கவே வேண்டாம் என்று அணைத்துவைத்தேன். சோதனைக்குத்தான். பலகையின் மேல்வரியை நான் தனியாக ஓட்டினேன், ஒரு தடங்கலும் இல்லாமல் முடிந்தது. அந்த மகிழ்ச்சியில், மீதியையும் ஓட்டிவிட்டுப் பிறகு பார்க்கலாம் என்று விட்டேன். அடுத்த வரிக்கு அவள் வந்து உட்கார்ந்தபோதும் சொல்லவில்லை. சொன்னால் ஸ்டூலைவிட்டு எழுந்து போயிருப்பாள்.

ஒவ்வொரு எழுத்துக்குப் பிறகும் கத்தி மேலே எழும்பி, சுழற்சி நின்று, சூடு தணியச் சற்று ஓய்ந்து, தானே மறுபடி தொடங்கும்படி நிரல் எழுதியிருந்தேன். அது ஓய்ந்ததும் அவள் பட்டனை அமுக்கியதும் ஒரே சமயம். பட்டன் உள்ளே போன சத்தம் எனக்குக் கேட்டது. தான்தான் நிறுத்தினோம் என்று நினைத்து அவள் பிரஷ்ஷோடு கையை விட்டாள். நான் திரையில் நிரலின் அடுத்த வரியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கத்தி சுழன்றபடி இறங்கியது.

ஆஸ்பத்திரியில் மயக்கம் தெளிந்ததும், "நான் முழுசா அமுக்கல போலங்க" என்றாள். "அம்புட்டு அவசரம் என்னக்கா உனக்கு?" என்று தம்பி அழுதபடியே திட்டினான். மாற்றுத்துணி எடுக்க வீட்டுக்கு வந்த நான், முதலில் கணினியைத் திறந்து, மென்பொருள் பட்டனைக் கவனிக்கும்படி பழையபடி ஆக்கினேன். யாரும் வந்து பார்க்கப்போவதில்லை. ஆனாலும் செய்தேன்.

அதன்பிறகு அவள் கரண்டியால்தான் சாப்பிடுகிறாள். கல்யாண வீடுகளில் பந்திக்கு உட்காராமல் வந்துவிடுவாள். யாராவது கேட்டால், "பொறுமை இல்லாத கழுதை நான், வேற என்ன சொல்ல?" என்று சிரிப்பாள். நான் பக்கத்தில் நிற்பேன்.

ஒரு ஞாயிறு மாதா கோயில் பூசையில், நற்கருணை அப்பமான நன்மையை வாங்க எல்லோரும் எழுந்தபோது, பாவத்தை மறைத்துக்கொண்டு அதை வாங்கக் கூடாது என்று நான் பெஞ்சிலேயே இருந்துவிட்டேன். அடுத்த ஞாயிறும் அப்படியே. பாவத்தைக் குருவானவரிடம் சொல்லும் பாவசங்கீர்த்தனத்துக்கும் துணிவில்லை. அவளிடம் சொல் என்றுதான் அவர் சொல்வார். பூசை முடிந்து வெளியே வந்ததும் அவள் கேட்டாள்.

"ஏன் நன்மை வாங்கல?"

"முழங்கால் வலி."

"வலின்னா சாமியாரு பெஞ்சுக்கே கொண்டாந்து குடுப்பாரு. என்னன்னு சொல்லுங்க."

சொன்னேன். அணைத்ததையும், பிறகு ஒன்றும் நடக்காததுபோல் மாற்றிவைத்ததையும்.

"அப்ப நான் ஒழுங்காத்தான் அமுக்குனேனா?"

"ஒழுங்காத்தான் அமுக்குன."

"உங்களுக்குச் சத்தம் கேட்டுச்சா?"

"கேட்டுச்சு."

"தம்பிக்குப் போனப் போடுங்க. ஸ்பீக்கர்ல வைங்க" என்றாள்.

"சொல்லுங்க மாமா, பூசை முடிஞ்சுருச்சா?" என்றான் அவன். கோயில் வாசலில் ஆட்கள் கலைந்துகொண்டிருக்க, மறுபடி எல்லாவற்றையும் சொன்னேன். அவன் என்னைத் திட்டுவான் என்று எதிர்பார்த்தேன். அவன் அக்காவைத்தான் கூப்பிட்டான்.

"அக்கா, செத்த நேரம் அங்கேயே இரு. நான் வந்து கூட்டிட்டுப் போறேன்."

"சரி, வா" என்றாள். பிறகு தன் பையைத் திறந்து, வீட்டுச் சாவியை இடது கையால் எடுத்து என்னிடம் நீட்டினாள்.