பாலத்தடியில் நான் கொட்டிய துணிகள்

அந்த வாய்க்காலை அடைத்தவன் நான்தான். பச்சையம்மாள் அல்ல. இதை முதலில் நீங்கள் அறிந்துகொள்ள வேண்டும்.

அறுபதுகளின் நடுவில் திண்டிவனத்தில் தையற்கடை வைத்திருந்தேன். கையில் வேகம் இருந்தது; கத்தரியில் சிக்கனம் இல்லை. அளவுகளை நெருக்கிப் போட்டு வெட்டினால் வீணாகும் துண்டுகள் பாதியாகும் என்று தெரியும். பொறுமை இல்லை... அவ்வளவுதான்! வாரந்தோறும் ஒரு கோணி நிறைந்தது.

பின்தெருவில் இருந்த பச்சையம்மாள் கணவனை இழந்தவள். பழந்துணிகளை ஒட்டுப்போட்டுப் போர்வை தைத்து விற்பவள். ஒருநாள் கடைவாசலில் வந்து நின்றாள்.

"தூக்கிப் போடறதத்தானே கேக்கறேன்? எங்கிட்ட குடுங்கண்ணே. பனிக்குப் போத்திக்க நாலு பேருக்கு ஆவும்."

"அதெல்லாம் குடுக்க முடியாது, போம்மா" என்றேன்.

ஏன் மறுத்தேன்? வாடிக்கையாளர்கள் தம் சட்டைத்துணியை அவள் போர்வையில் கண்டால், துணி திருடும் தையற்காரன் என்று என்னைச் சொல்வார்களே என்ற அச்சம்!

விடியுமுன் கோணியைச் சுமந்துபோய்த் தெருக்கோடி வாய்க்காலின் சிறுபாலத்தடியில் கொட்டினேன். ஒரு முறையா, இரு முறையா... பருத்தி மட்கிவிடும் என்று நினைத்தேன். அப்போது புதிதாக வந்திருந்த டெர்லின் என்ற செயற்கை இழைத்துணி மட்கவில்லை. சேற்றைப் பிடித்துக்கொண்டு இறுகியது.

ஐப்பசியில் மூன்று நாள் அடைமழை. போக வழியின்றி வெள்ளம் பின்தெருவில் ஏறியது. பச்சையம்மாளின் பக்கத்து வீட்டு மண்சுவர் சரிந்து, கொத்தனார் முனுசாமியின் கால் நசுங்கியது. பிறகு அவர் சாரம் ஏறவே இல்லை.

தண்ணீர் வடிந்ததும் பாலத்தடியைத் தோண்டினார்கள். கூடைகூடையாகத் துணி! தெருவே பச்சையம்மாளைத் திரும்பிப் பார்த்தது. கந்தல் சேர்ப்பவள் அவள்தானே?

"உன் கந்தலாலதான்டி எம் புருசன் கால் போச்சு!" என்று முனுசாமியின் மனைவி மண்ணை வாரித் தூற்றினாள்.

பச்சையம்மாள் குனிந்து, சேறு வழியும் ஒரு துண்டை எடுத்து விரலால் தடவினாள். கத்தரி பட்ட புதுத்துணி எதுவென்று அவளுக்கா தெரியாது? நிமிர்ந்து, கூட்டத்தில் என்னைத் தேடிக் கண்டாள்.

"நீங்களாவது சொல்லுங்கண்ணே... இது கட்டிக் கழிச்ச துணியா?"

ஒரு சொல்... ஒரே ஒரு சொல் போதுமாயிருந்தது!

"சேத்துல கிடந்தத எப்பிடிச் சொல்றது?" என்றேன்.

அந்த வாரமே இரண்டு பெண்பிள்ளைகளுடன் அவள் விழுப்புரம் போய்விட்டாள்.

அதன்பின் நெருக்கி வெட்டினேன். மிஞ்சிய துண்டுகளைக் கேட்டவர்க்கெல்லாம் கொடுத்தேன். அது பிராயச்சித்தமா? யாருக்கு?

மூன்றாண்டு கழித்து விழுப்புரத்தில் ஓர் அரிசி ஆலை வாசலில் அவளைக் கண்டேன். தவிடு சலித்துக்கொண்டிருந்தாள். தைப்பதில்லையா என்று கேட்டேன்.

"வுட்டுட்டேண்ணே. கந்தல்காரின்னு இங்கியும் பேரு வந்துட்டா, பொண்ணுங்கள எப்பிடிக் கட்டிக்குடுக்கறது?"

சொல்லத்தான் வாயெடுத்தேன்... பேருந்துக்கு நேரமாயிற்று என்று கிளம்பிவிட்டேன்.

சாகும்வரை முனுசாமி அவளைத்தான் சபித்தார். அவருடைய பாடைக்குத் தோள் கொடுத்தேன். அப்போதும் சொல்லவில்லை.

இன்று உங்களிடம் சொல்கிறேன். உங்களிடம் சொல்வது எளிது... நீங்கள் அவளல்லவே!